கரண்ட் பில்லின் கடைசி நாள்

சூளகிரி மின்வாரிய அலுவலகத்துக்கு எதிரே, சாலையோர மதகுச் சுவரில் ரஞ்சிதா உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் பில் கட்ட அன்றுதான் கடைசி நாள். பையில் பணம் இருந்தது, வீட்டுக் கரண்ட் அட்டையும் இருந்தது. கவுண்டரில் கூட்டம்கூட இல்லை.

அவள் எழுந்து போகவில்லை.

கார்மெண்ட்ஸில் அரைநாள் பர்மிஷன் சொல்லியிருந்தாள். மகள் லாவண்யாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, இருப்பதில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்கே தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் புருஷன் பூபதி மஸ்கட்டிலிருந்து போன் செய்தான். போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எங்கே இருந்தாலும் வீட்டுக் காரியத்தை விடமாட்டான். சிலிண்டர் வந்ததா, தண்ணீர் வரி கட்டியாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான்.

"கரண்ட் பில் கட்டிட்டியா?"

"மறந்துட்டேங்க."

"எப்பப் பாரு மறந்துடற. ஃபியூஸைப் பிடுங்கிட்டா புள்ள இருட்டுலயா படிக்கும்? சரி விடு, முனிராஜைக் கட்டச் சொல்றேன்."

முனிராஜ், ஓசூர் கம்பெனியில் பூபதிக்குப் பக்கத்து லேத்தில் நின்றவன். கம்பெனியை மூடியதும் அவன் சூளகிரிக்குப் பக்கத்திலேயே இருந்த சொந்த ஊரில் விவசாயத்தைப் பார்க்கப் போய்விட்டான். விருதுநகர்ப் பக்கம் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு வந்த பூபதிக்குத் திரும்பிப்போக ஊர் இல்லை. ரஞ்சிதாவின் நகைகளை விற்று ஏஜெண்டிடம் கொடுத்துத்தான் மஸ்கட் வேலைக்குக் கிளம்பினான். அவன் அனுப்புகிற பணத்தை மாதாமாதம் முனிராஜ்தான் கொண்டுவந்து கொடுப்பான்.

கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பஸ் வந்து நின்றது. ரஞ்சிதா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியது முனிராஜ் இல்லை.

பூபதி.

போன தடவை பார்த்ததற்கு இன்னும் இளைத்திருந்தான்.

அவன் கிளம்பிப் போனபின் வந்த முதல் பில்லை அவள் நிஜமாகவே மறந்துதான் போனாள். முனிராஜுக்கு எதற்குத் தொந்தரவு என்று கடைசி நாளில் அவளே ஓடி வந்தபோது, கவுண்டரில் அவளுக்கு முன்னால் பூபதியின் முதுகு நின்றிருந்தது. வீட்டு இணைப்பு எண்ணைச் சீட்டு எதையும் பார்க்காமல் மளமளவென்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் திரும்புவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

அதன்பிறகு சில நாள், எங்கேயோ இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான் என்றே நினைத்தாள். அடுத்து அவன் போனில் வந்தபோது, கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது, பஸ் ஜன்னல் வழியாகக் குருபரப்பள்ளியில் அவனைப் பார்த்தாள். ரோட்டோர டயர் கடையில், உடம்பெல்லாம் கரியோடு, தன் நெஞ்சுயர லாரி டயரை உருட்டிக்கொண்டிருந்தான். கடைக்குள் கட்டியிருந்த கொடியில் அவனுடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பழைய டயர்களின் அடுக்கின்மேல், மஸ்கட்டுக்கென்று வாங்கிய புதுப் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏஜெண்ட் ஏமாற்றியிருக்கிறான். நகையும் போயிற்று, வேலையும் இல்லை என்று வீட்டில் வந்து சொல்ல வாய் வராமல், அரைமணி நேர பஸ் தூரத்தில் ஒரு மஸ்கட்டை உண்டாக்கிக்கொண்டு இந்த மனுஷன் தனியாகக் கிடக்கிறான்.

பஸ்ஸிலேயே அழுதாள்.

இறங்கிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். ஆனால் மானத்துக்குப் பயந்தவன். தெரிந்துவிட்டது என்று தெரிந்தால், இனி கண்ணிலேயே படாத தூரத்துக்குப் போய்விடுவானோ என்று பயந்தாள். அவராக வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பில்லையும் மறந்தாள்.

பூபதி பணம் கட்டிவிட்டு வெளியே வந்தான். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வீட்டுக்குப் போகும் தெருமுனை வரைக்கும் நடந்தான், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். ஓர் அடி எடுத்து வைத்தால் தெருவுக்குள் போய்விடுவான். ரஞ்சிதா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

அவன் திரும்பி வந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

சாயங்காலம் போன் அடித்தது. லாவண்யா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"முனிராஜ் பில்லைக் கட்டிட்டானாம்."

"சரிங்க."

வழக்கமாக இதோடு வைத்துவிடுவான். இன்று வைக்கவில்லை. ஹைவேயில் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி போவது கேட்டது. அவன் ரிசீவரைக் கையால் பொத்தவும் இல்லை.

"ரஞ்சிதா."

"ம்."

"அந்த வெயில்ல உக்காந்திருந்தியே. ஒரு டீயாவது வாங்கிக் குடிச்சிருக்கலாம்ல."

எத்தனை தடவை தன்னைப் பார்த்திருக்கிறானோ? பார்த்தும் எப்படித் திரும்பிப் போனானோ? கேட்க எவ்வளவோ இருந்தது. குரல் வந்தபோது வேறெதையோ சொன்னாள்.

"குருபரப்பள்ளியிலேருந்து இன்னும் பஸ் இருக்குங்க."



ரஞ்சிதா ரிசீவரை வாயருகிலேயே வைத்துக்கொண்டு, அவனுக்கும் கேட்கும்படி, அப்பாவுக்கும் சேர்த்து அரிசி களையச் சொன்னாள் மகளிடம்.