மூன்று பத்துக்கு ஒன்றுமில்லை

கேப்டன் ஒட்வார் நோட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் நாற்பது வருடம் பயணிகள் படகு ஓட்டியவர். வயது எழுபத்தொன்பது. போன மாதம் ராத்திரி பாத்ரூம் போகும்போது கால் தடுக்கி விழுந்தார். பயந்துபோன மகன்தான் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தான்.

ராத்திரி எத்தனை மணிக்கு, எவ்வளவு சிறுநீர் போகிறது என்று மூன்று நாள் அளந்து எழுதச் சொல்லியிருந்தேன். முத்து முத்தாக எழுதியிருந்தார்.

பன்னிரண்டு நாற்பது, இருநூற்றைம்பது மில்லி. மூன்று பத்து, ஒன்றுமில்லை. ஐந்தரை, இருநூறு.

இரண்டாம் இரவும் மூன்று பத்துக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் இரவும் அப்படியே.

"ஒண்ணும் வரலேன்னா எதுக்கு எந்திரிச்சுப் போறீங்க, கேப்டன்?"

அவர் காது மடல் சிவந்தது.

"எதிர்வீட்டு மாடியில அந்த நேரத்துக்கு பாத்ரூம் லைட் எரியும். ஒரு லேடி நிப்பாங்க. குளிர்காலத்துல ஒருநாள் தற்செயலா பார்த்தேன். கையை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன். அதுலேர்ந்து தினமும்."

"பகல்ல போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"தட்டி என்னன்னு சொல்ல? ஒண்ணுக்குப் போறப்ப பார்த்தேனேன்னா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து டாக்டரே எட்டிப் பார்த்தார். நோட்டை ஒரு புரட்டுப் புரட்டி, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"உங்க வீடு எந்தத் தெருவுல, கேப்டன்?"

சொன்னார். இன்னொரு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

மாத்திரைச் சீட்டை அவரிடம் நீட்டினேன். இதைப் போட்டால் விடியும்வரை எழ வேண்டியிருக்காது. விழுகிற பயமும் இல்லை.

அவர் அதைத் தொடவே இல்லை.

"வேண்டாம், பொண்ணே. நான் பாட்டுக்குத் தூங்கிட்டேன்னா, அவங்க அங்க தனியா நின்னுட்டிருப்பாங்க."

சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி அவர் சட்டைப்பையில் செருகினேன்.

"யார் நம்பர் இது?"

"எதிர்வீட்டு மாடி நம்பர். இன்னிக்கே கூப்பிடுங்க. எடுத்த உடனே பேரைச் சொல்லிடுங்க, கேப்டன். உங்க பேரு தெரியாம எங்கம்மா மூணு மாசமா என் உயிரை வாங்கறாங்க."