கதவுக்கு வெளியே

குழந்தைகள் நலனைக் கவனிக்கும் கவுன்சில் அலுவலகத்தின் சின்ன அறையில் மழை நாளின் மங்கல் வெளிச்சம் பிஸ்கட் தட்டில் விழுந்து கிடக்கிறது. என் பேத்தி எல்சியை என்னிடம் அனுப்புவதா, இப்போது இருக்கும் வளர்ப்பு வீட்டிலேயே விடுவதா என்று இன்று பேசுகிறார்கள். அவளுக்காகக் கவுன்சில் போடும் திட்டத்தைக் கேள்வி கேட்கவே நியமிக்கப்பட்ட தனி அதிகாரி திருமதி ஆட்லி, தலைமை நாற்காலியில் எல்சியை உட்கார வைக்கிறார். "இது உன் கூட்டம்டா கண்ணு. இங்க யார் யார் இருக்கணும்னு நீயே சொல்லு." "பிஸ்கட் இருக்கணும்," என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு என் டையையே பார்க்கிறாள். "தாத்தா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க." எங்கள் குடும்பத்து விஷயத்தை வாசல் தாண்டிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. முதுகு வளையாமல் எழுந்து வெளியே போகிறேன். நடைவழியில் ஹீட்டர் முனகுகிறது. சாத்திய கதவுக்கு உள்ளே எல்சி பேசத் தொடங்குகிறாள், நிற்காமல் பேசுகிறாள். என் வீட்டில் அந்தக் குரலை நான் இவ்வளவு நேரம் கேட்டதே இல்லை.