பேச்சின் முடிவு

பல மேடைகளில் பேசிவந்த சிறப்புரையை, அடுத்த மாநாட்டுக்காகப் பேச்சாளர் வீட்டுக் கூடத்தில் மனைவியிடம் ஒத்திகை பார்த்தார். நோயோடு மல்லுக்கட்டிய மகனின் கதை அது.

"என் விரலைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிப் படியிறங்கி வீட்டுக்கு வந்தான்" என்று முடித்தார்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த முடிவை எடுத்துடறேன்மா" என்றார் அவர்.

"ஏன்? எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டறாங்களே."

"நம்பிக்கையா முடிங்கன்னு கூட்டம் நடத்தறவங்க கேட்டாங்க, எழுதிட்டேன். இப்ப உறுத்துது. உனக்கும் வேதனை. இனிமே நீ வர வேண்டாம்."

"வருவேன். நீங்களும் மாத்தக் கூடாது."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

அவள் உரைத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அந்த மேடையில மட்டும்தானே நம்ம பிள்ளை பிழைச்சு வர்றான்."