பட்டம் பதினெட்டும் பள்ளப் புற்றும்

ஏரிக்கரை உடைந்ததை முதலில் பார்த்தது மேட்டுப் புற்று எறும்பு செங்காலிதான். கீழே பள்ளப் புற்றில் அவள் தங்கச்சி முட்டைகளோடு இருந்தாள். செங்காலி முச்சந்திக்கு ஓடினாள். அங்கே நின்று சேதியை வாங்கிக்கொண்டு ஓடும் எறும்புக்குத்தான் மேற்கொண்டு வழி தெரியும். எந்தச் சேதியிலும் ராணியின் பட்டங்கள் முதலில் வரும், யாருக்கு என்பது கடைசியில் வரும். அதுதான் வழக்கம்.

"ம், பட்டத்தைச் சொல்லு. பதினெட்டும் வரணும்" என்றான் முச்சந்தி எறும்பு.

"பள்ளப் புற்றுக்கு" என்றாள் செங்காலி.

"அடியே, திமிரா? ராணி பேரு எங்கே?"

"கடைசியில வரும்ண்ணே. பதினெட்டும் முடியற வரைக்கும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாமத்தானே நிப்பே? இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல, ஓடு!"

அவன் கால் தானாக இடது பக்கம் திரும்பியது. கூடவே ஓடிக்கொண்டு அவள் மீதியைச் சொன்னாள். அடுத்தடுத்த முச்சந்திகளிலும் அப்படியே கைமாறி, சேதி எங்கேயும் நிற்காமல் போனது.

பள்ளப் புற்று வாசலில் கடைசி எறும்பு, "தண்ணி வருது, முட்டையைத் தூக்குங்க!" என்று கத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு முதல் பட்டத்தை ஆரம்பித்தான்.

'ம்' கொட்டக்கூட ஆள் இல்லை. எல்லார் வாயிலும் முட்டை இருந்தது.