ஆறுக்கு அடுத்த வீடு

"அழுதுக்கிட்டே தட்டினா எழுத்து தப்பாத்தான் விழும். கண்ணைத் தொடைச்சிட்டுத் தட்டு."

சித்ரலேகா திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் சொன்னாள். விஜயஸ்ரீக்குச் சுருக்கென்றது.

மடியில் பத்து மாதக் குழந்தை ஹம்ஸினி. இதயத்தில் ஓட்டை. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி மெட்ராஸில் ஆபரேஷன். அது தெரிந்தும் இப்படிப் பேசுகிறாளே, பெற்று வளர்த்திருந்தால் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்ணார்பேட்டையில் அசன் மைதீன் அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டர் அது. தொண்ணூற்றொன்பதில் ஊருக்கே இன்டர்நெட் புதுசு. விஜயஸ்ரீ அங்கே வருவது ஒரு தெருவுக்காக.

தெரு என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தெரு. இதயத்தில் கோளாறோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மார், கிட்டத்தட்ட இருபது பேர், ஆளுக்கொரு இணையப் பக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு வீடு. அடியில் 'அடுத்த வீடு' என்றிருக்கும். அமுக்கினால் அடுத்த தாயின் பக்கம் திறக்கும். அமுக்கிக்கொண்டே போனால் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்துவிடலாம்.

எட்டாம் நம்பர் வீடு பத்தமடை சாரம்மாளுடையது. ஆபரேஷன் முடிந்த அவள் மகன் இப்போது சுவரேறிக் குதிக்கிறானாம், வாத்தியாரிடம் அடி வாங்குகிறானாம். அதை விஜயஸ்ரீ முப்பது தடவையாவது படித்திருப்பாள். படித்த அன்றைக்குத்தான் சோறு இறங்கும்.

அந்தத் தெருவுக்குத்தான் இப்போது ஆபத்து. இலவசமாக இடம் கொடுத்திருந்த கம்பெனி ஞாயிற்றுக்கிழமையோடு மூடப்போகிறது. எடுத்துக்கொண்டு போகாததெல்லாம் அழிந்துவிடும்.

சென்டரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சித்ரலேகாதான் தெருவைக் கவனித்துக்கொள்கிறவள். வேறொரு கம்பெனியில் இடம் பிடித்து, வீடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து ஏற்றிக்கொண்டிருந்தாள். புது இடம் சின்னது. சுழலும் குத்துவிளக்கு, மினுக்கும் நட்சத்திரம், பாட்டு எல்லாவற்றையும் வெட்டிப் போட்டாள். அமெரிக்காவிலிருந்து தெருவில் வீடு வைத்திருந்த ருக்கு மாமி, என் பிள்ளையாரை எங்கே என்று சண்டைக்கு வந்தாள். பிள்ளையார் கனம் ஜாஸ்தி என்று ஒரே வரியில் பதில் போனது.

"வீடு மாத்துதிய, பால் காய்ச்சலையா டீச்சர்?" என்றார் அசன் மைதீன்.

"லைன் கட்டாகாம இருந்தா அதே போதும், அண்ணாச்சி."

லைன் கட்டாகிக்கொண்டேதான் இருந்தது. பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து ஏற்றினாள். மூன்று நாளாக டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஊரார் வீட்டுக்கு இத்தனை பாடுபடுகிறவளுக்குத் தெருவில் சொந்தமாக ஒரு வீடு கிடையாது. சம்பளத்துக்குச் செய்கிறாளோ என்னவோ என்று விஜயஸ்ரீ நினைத்தாள். விஜயஸ்ரீயையும் அவள் சும்மா விடவில்லை. மெட்ராஸுக்குப் போகுமுன் ஹம்ஸினிக்கும் ஒரு வீடு கட்டியாக வேண்டும் என்று தட்டச்சு செய்ய உட்கார்த்திவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் ஏறி முடிந்தது.

"ஒண்ணாம் வீட்டுல இருந்து பைய அமுக்கிக்கிட்டே போ. எங்கனயாவது தப்பு இருந்தா சொல்லு" என்று விஜயஸ்ரீயிடம் சொல்லிவிட்டு சித்ரலேகா முகம் கழுவப் போனாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு, ஐந்து, ஆறு. எட்டு.

விஜயஸ்ரீ நிமிர்ந்தாள். பின்னால் போய் மறுபடி அமுக்கினாள். எட்டுதான் வந்தது. பழைய இடத்திலும் அப்படியே. ஆறிலிருந்து நேராக எட்டு. இத்தனை நாள் எட்டைப் படிக்கிற அவசரத்தில் அவள் நம்பரைக் கவனித்ததே இல்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று நாளாக விரட்டுகிறவளின் தப்பு ஒன்று கையில் கிடைத்துவிட்டது. அடுத்த நொடி பதறியது. ஏதோ ஒரு தாயின் வீடு விட்டுப்போயிருக்கிறது. நாளையோடு அழிந்துவிடுமே.

புது இடத்து முகவரியின் கடைசியில் இருந்த எட்டை அழித்துவிட்டு ஏழைத் தட்டினாள்.

திறந்தது. வீடு இங்கேயும் பத்திரமாக ஏறியிருந்தது.

இரண்டு பல் தெரியச் சிரிக்கும் ஒரு பையன். குருபிரசாத் என்று பெயர் போட்டிருந்தது. உதடு நீலமானது, மெட்ராஸுக்கு ரயில் ஏறியது என்று தேதி தேதியாக எழுதியிருந்தது. கடைசியாக ஒரு பத்தி. அதில் மட்டும் எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக விழுந்திருந்தது.

'என் பிள்ளை திரும்பி வரவில்லை. நம் தெருவுக்குப் புதிதாக வருகிற தாய்மார் பயந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் கண்ணில் இது படக்கூடாது. அதனால் ஆறாம் வீட்டிலிருந்து நேராக எட்டாம் வீட்டுக்குப் போகும்படி வழியைத் திருப்பிவிட்டேன். சாரம்மாளின் மகன் அங்கே நன்றாக இருக்கிறான். - சித்ரலேகா.'

விஜயஸ்ரீ ஹம்ஸினியை இறுக்கிக்கொண்டாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடினாள்.

"என்ன, எங்கனயாவது தப்பு இருக்கா?" முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் சித்ரலேகா.

விஜயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரு தப்பும் இல்லக்கா. ஆறுக்கு அடுத்தது எட்டு. எல்லாம் சரியா இருக்கு."