அரையிறுதிக்கு மறுநாள்

“கடைசி நிமிஷத்துல உனக்கு என்னடி கேடு வந்துச்சு? மொத்த டீமையும் கவுத்துட்டியே!”

எதிர்வீட்டுக்காரர் மகளைப் பார்த்துக் கத்தியது தெருமுனைவரை கேட்டது. அவள் புதிதாக வந்த கூடைப்பந்து லீக்கில் ஆடுகிறாள். லீக்குக்கு இது இரண்டாவது வருடம்தான். அதற்குள் பணமில்லாமல் பாதி அணிகள் மூட்டை கட்டிவிட்டன. இவளுடைய அணியும் இழுத்துக்கொண்டுதான் கிடந்தது.

“வேணும்னா பண்ணேன்? பந்து கைக்கு வந்துச்சுப்பா!”

“அத்தனை பேர் பொழப்புலயும் மண்ணைப் போட்டுட்டே!”

பாவம், கோட்டை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. சர்க்கரை கேட்கும் சாக்கில் உள்ளே நுழைந்தேன்.

“விடுங்கண்ணே. விளையாட்டுன்னா தோக்கறது சகஜந்தானே?”

“தோத்திருந்தா நான் ஏம்மா கத்துறேன்? ஜெயிச்சுத் தொலைச்சுட்டா! ஃபைனல் வெளியூர்ல. பஸ்ஸுக்கும் ஓட்டலுக்கும் ஓனர் நான்தானே அழணும்? போகலேன்னா டீமை லீக்கை விட்டே தூக்கிடுவாங்க. தோத்திருந்தா கௌரவமா வீட்டுக்கு வந்திருக்கலாம்!”

“தோக்கறதுக்கு ஆள் வேணும்னா வெளியில பிடிச்சிருக்கணும்ப்பா. பெத்திருக்கக் கூடாது.”

பையைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பவில்லை. அணியை இழுத்து மூடினார்கள். அரையிறுதியில் தோற்ற அணியின் பயிற்சியாளரையே கட்டிக்கொண்டு அவள் அவர் ஊரோடு போய்விட்டாள்.

கல்யாணப் பத்திரிகை எனக்கு வந்தது. எதிர்வீட்டுக்கு வரவில்லை.