அலட்டல் இல்லாத வாசிப்பு

டில்லிபாபு கிடாரைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரகடம் கார் கம்பெனியின் கேன்டீனில் இருந்த இருநூறு பேரும் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். பல்லால் ஓர் இழுப்பு. அடுத்து கிடார் தலைக்குப் பின்னால் போனது. அதற்கடுத்து அவனே முட்டி போட்டு, சாம்பார் அண்டா வைக்கும் இடம்வரை சறுக்கிக்கொண்டு போனான்.

ஓரத்தில் தன் முறைக்குக் காத்திருந்த மோகன்ராஜுக்கு வயிறு எரிந்தது. அவன் கணக்குப்படி டில்லிபாபு பத்து சுரத்துக்கு மூன்றைத் தப்பாக வாசித்தான். அதை யார் கவனித்தார்கள்? சறுக்குகிறவனிடம் போய்ச் சுருதி கேட்கும் ஆள் ஒரகடத்தில் இன்னும் பிறக்கவில்லை.

கம்பெனி ஆண்டு விழாவின் ராக் குழுவில் ஒரே ஒரு கிடார்காரனுக்குத்தான் இடம்; அதற்கான தேர்வுதான் இது. இரண்டு வருடமாக அது பெயின்ட் ஷாப் டில்லிபாபுவுக்கே போனது. "இந்த வாட்டியும் இல்லைன்னா அது வூட்ல எதுக்கு?" என்று மோகன்ராஜின் மனைவி அமலா கிடாரைப் போட்டோ எடுத்து விற்பனைக்குப் போட்டுவிட்டாள். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒருவன் அன்று மாலை ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

டில்லிபாபு வியர்வையைத் துடைத்தபடி வந்து பக்கத்தில் சாய்ந்தான்.

"இன்னாண்ணே, எப்டி?"

"சர்க்கஸ் நல்லாத்தான் இருந்துச்சு. பாட்டு எப்போ?"

"நீ வாசிக்கிறது மட்டும் பாட்டா? தலையத் தொங்கப் போட்டுக்கினு, மெமோ வாங்கினவன் கணக்கா நிக்கிற. ஜனம் துக்கம் விசாரிக்க வரலண்ணே, கொண்டாட வந்துகீது."

"நீ கண்ணுக்கு வாசிக்கிறவன்டா. நான் காதுக்கு வாசிக்கிறவன்."

"கண்ணு முன்னாடி கீது, காது ஓரமா கீது. எது முக்கியம்னு கடவுளே வெச்சுக் காட்டிட்டாரே" என்று கண்ணடித்தான் டில்லிபாபு.

மோகன்ராஜின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இந்த முறை அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. போன வருடம் கைத்தட்டலை வைத்து முடிவு செய்யப்போய், அவனுடைய அசெம்பிளி பிரிவுக்கும் பெயின்ட் ஷாப்புக்கும் அடிதடி வரை போய்விட்டது. அதனால் எச்.ஆர். ஸ்ரீமதி மேடம் இந்தத் தடவை ஒரே ஒரு நடுவரைப் போட்டிருந்தார். பிரஸ் ஷாப் சுப்பராயன். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ராட்சத மிஷின்களுக்கு நடுவே இருபத்தெட்டு வருடம் நின்றவர். ஷிப்டு முடிந்து நேராக வந்து, கம்பெனித் தொப்பியைக் காதுவரை இறக்கியபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மோகன்ராஜ் வயரைச் செருகியதும் ஸ்பீக்கர் 'கீ' என்று அலறியது. இருநூறு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்ரீமதி மேடத்தின் கையிலிருந்த டீ துப்பட்டாவில் கொட்டியது. சுப்பராயன் மட்டும் இமைகூடத் தட்டவில்லை. எத்தனை சத்தத்தில் ஊறிய மனுஷன் என்று மோகன்ராஜுக்கு மரியாதையே வந்தது.

வாசித்தான். நின்ற இடத்தைவிட்டு அரை அடி நகரவில்லை. நடுவில் ஒரே ஒரு கம்பியை வளைத்து, ஒரே ஒரு சுரத்தை இழுத்து, அது தானாக ஓயும்வரை விட்டான். பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். இரண்டு பேர் கம்பெனி பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க எழுந்து போனார்கள். ஆனால் சுப்பராயன் முன்னால் சாய்ந்து, அவன் விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே தலையை வேறு ஆட்டினார்.

ஸ்ரீமதி மேடம் மைக்கை நீட்டினார். சுப்பராயன் எழுந்தார்.

"ரெண்டாவதா வாசிச்ச புள்ளதான்!" என்றார், மைக் தேவைப்படாத குரலில்.

"இன்னா பெருசு, வெளாடுறியா?" என்று பெயின்ட் ஷாப் கொதித்தது. அவர் அந்தக் கூச்சலைச் சட்டையே செய்யவில்லை.

"மொத வந்தவன் குதிக்கிறான், உருளுறான், வாயில வெச்சுக் கடிக்கிறான். இந்தப் புள்ளைக்குக் கை வேலைய வுட்டு நகரல, கண்ணு கைய வுட்டு நகரல. ஒரு அலட்டல் இல்ல. வேலை தெரிஞ்சவன் இப்டித்தான்யா நிப்பான்."

டில்லிபாபுவே வந்து கை கொடுத்தான்.

"ஒத்துக்கிறேண்ணே. காது ஜெயிச்சிடுச்சு."

மோகன்ராஜ் போனை வாயருகே பிடித்து அமலாவுக்குக் குரல் பதிவு அனுப்பினான். "கிடார் வாங்க வர்ற ஆள வர வேணாம்னு சொல்லிடு. கேக்கத் தெரிஞ்ச மனுஷன் ஒருத்தராவது இந்தக் கம்பெனியில கீறாரு."

அனுப்பிவிட்டு, வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த சுப்பராயனை ஓடிப்போய் மறித்தான்.

"அண்ணே, நடுவுல ஒரே ஒரு சுரத்த இழுத்து வுட்டேனே, அது எப்டி இருந்துச்சு?"

சுப்பராயன் அவன் உதட்டையே உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். காலருக்குள் கையை விட்டு ஓர் ஆரஞ்சுக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இரண்டு காதிலிருந்தும் ரப்பர் அடைப்பான்கள் பிடுங்கிக்கொண்டு வந்து நெஞ்சில் தொங்கின.

"காலையில ஷிப்டுல மாட்டினது, இப்பதான் கழட்டுறேன். இன்னா கேட்ட?"